விற்ற கார், ஓடிய கார் – 9: மான்சாவில் ஆறு கார்கள்

சென்ற வாரம் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் நிறுத்தினோம். 1984 மே 12. புதிதாகக் கட்டிய ட்ராக்கின் திறப்பு விழா ரேஸ். ஃபார்முலா ஒன் உலக சாம்பியன்கள் பலரும் ஒரே மாதிரியான மெர்சிடிஸ் 190 ஈ செடான்களில் இறங்கினார்கள். முதலாவதாக வந்தவர், அந்த ஆண்டுதான் ஃபார்முலா ஒன்னுக்குள் நுழைந்திருந்த 24 வயது அயர்ட்டன் சென்னா. நிக்கி லாடா இரண்டாவது.

மறுநாள் பேச்செல்லாம் சென்னாவைப் பற்றி. ஆனால் மெர்சிடிஸுக்குக் கிடைத்த லாபம் வேறு. கடையில் காசு கொடுத்து வாங்கக்கூடிய நாலு கதவு கார் ஒன்று, உலக சாம்பியன்கள் கையில் ரேஸ் ஓடியதை உலகமே பார்த்துவிட்டது.

மியூனிக்கில் இருந்த பிஎம்டபிள்யூவுக்கு இது பொறுக்கவில்லை. செடான் என்றால் விளையாட்டு, விளையாட்டு என்றால் நாங்கள் என்று இருபது ஆண்டுகளாகப் பெயர் எடுத்த கம்பெனி அது. அவர்கள் கையில் அப்போது இருந்த ரேஸ் கார் 635 சிஎஸ்ஐ. வேகமானதுதான். ஆனால் பெரிய உடம்பு, கனமான மூக்கு. 1985-ல் ஐரோப்பியப் பட்டத்தை ஒரு வால்வோ 240 டர்போ தட்டிக்கொண்டு போனது. குடும்பத்தோடு கடைத்தெருவுக்குப் போவதற்கென்று ஸ்வீடன்காரர்கள் செய்த கார்!

சிறியதாக, லேசானதாக ஒரு கார் வேண்டும். 3 சீரிஸ் இருந்தது. அதற்குள் வைக்கத்தான் இன்ஜின் இல்லை.

*

இந்த இடத்தில் சட்டத்தைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். இந்த அத்தியாயம் முழுவதும் அதைச் சுற்றித்தான் நடக்கிறது.

1982-ல் அமலுக்கு வந்த ‘குரூப் ஏ’ விதி இது: ஒரு காரை டூரிங் கார் ரேஸில் ஓட்ட வேண்டுமானால், அந்த மாடலை 12 மாதத்துக்குள் 5,000 தயாரித்திருக்க வேண்டும். பிறகு அதன் அளவு, எடை, படங்கள் எல்லாவற்றையும் ஓர் ஆவணமாகச் சர்வதேச அமைப்பிடம் பதிய வேண்டும். இதற்கு ஹோமோலகேஷன் என்று பெயர். அந்த ஆவணத்தில் இருப்பதுதான் ரேஸுக்கு வரலாம்.

எதையெல்லாம் மாற்றலாம்? ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், பிரேக், கேம்ஷாஃப்ட், பிஸ்டன், கம்ப்ரஷன் இவற்றில் தாராளம் உண்டு. உள்ளே இரும்புக் கூண்டு கட்டலாம். இருக்கையை மாற்றலாம்.

எதைத் தொடக்கூடாது? இன்ஜின் பிளாக், சிலிண்டர் ஹெட், வால்வுகளின் எண்ணிக்கை, காற்று உள்ளே போகும் வழி, பாடியின் வெளிவடிவம். மட்கார்டுக்கு வெளியே டயர் நீட்டக்கூடாது. டயர் அகலமாக வேண்டுமா? அப்படியானால் விற்கும் காரிலேயே மட்கார்டை அகலமாக்கு. நாலு வால்வு ஹெட் வேண்டுமா? அதையும் 5,000 பேருக்கு விற்றுவிட்டு வா.

விதியை எழுதியவர்கள் நினைத்தது ஒன்று. மக்கள் வாங்கும் கார் ரேஸுக்கு வரும், பார்க்கிறவனுக்குத் தன் வீட்டு வாசலில் நிற்கும் கார் மேல் ஒரு பெருமை வரும் என்று நினைத்தார்கள். நடந்தது இன்னொன்று. ரேஸுக்கு என்ன தேவையோ அதை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கு ஏற்றபடி விற்கும் காரைச் செய்யத் தொடங்கின கம்பெனிகள். ஓட்டம் தலைகீழானது. இந்தத் தொடரில் இதுவரை பார்த்த எல்லாவற்றிலும் பெரிய திருப்பம் இதுதான் என்பது என் எண்ணம்.

*

பால் ரோஷே என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1957-ல் பிஎம்டபிள்யூவில் சேர்ந்தவர். கேம்ஷாஃப்ட் கணக்கில் அவர் கெட்டிக்காரத்தனத்தைப் பார்த்து, கம்பெனிக்குள் ‘கேம்ஷாஃப்ட் பால்’ என்றே பட்டப்பெயர். 1983-ல் நெல்சன் பிக்கே ஃபார்முலா ஒன் உலகப் பட்டம் வென்றபோது, அவர் காரில் இருந்த ஒன்றரை லிட்டர் டர்போ இன்ஜின் ரோஷே உருவாக்கியது. அதன் பிளாக்கோ, 1962 முதல் சாதாரண பிஎம்டபிள்யூ கார்களில் வந்துகொண்டிருந்த நாலு சிலிண்டர் பிளாக்கின் வம்சம்.

கம்பெனித் தலைவர் எபர்ஹார்ட் ஃபான் கூன்ஹைம் ரோஷேயின் பிரிவுக்கு அவ்வப்போது வந்து போவார். அப்படி வந்த ஒரு நாள், கிளம்பும்போது போகிற போக்கில் சொன்னார்: 3 சீரிஸுக்கு ஒரு நல்ல ஸ்போர்ட்ஸ் இன்ஜின் வேண்டும். அவ்வளவுதான் உத்தரவு.

ஆறு சிலிண்டர் வைக்கலாமே என்று யாருக்கும் முதலில் தோன்றும். பிஎம்டபிள்யூவின் பெருமையே ஆறு சிலிண்டர்தான். ரோஷே மறுத்தார். ஆறு சிலிண்டருக்கு கிராங்க்ஷாஃப்ட் நீளம். நீளம் கூடினால், ஆர்பிஎம் ஏற ஏற அது முறுக்கி அதிர ஆரம்பிக்கும். ரேஸில் நிமிடத்துக்கு எட்டாயிரம் சுற்றுக்கு மேல் தாங்க வேண்டிய இன்ஜினுக்குக் குட்டையான, விறைப்பான கிராங்க் வேண்டும். நாலு சிலிண்டர் போதும் என்றார்.

பிளாக் கையில் இருந்தது, அந்தப் பழைய நாலு சிலிண்டர் பிளாக். சிலிண்டருக்கு நாலு வால்வு கொண்ட ஹெட்தான் இல்லை. புதிதாக வரைந்து, வார்ப்புக்கு அச்சு செய்து, வார்த்து, கடைந்து எடுக்க மாதக்கணக்கில் ஆகும்.

இங்கேதான் கதையின் மிக அழகான இடம் வருகிறது.

எம்1 என்ற ஸ்போர்ட்ஸ் காருக்காகச் செய்த ஆறு சிலிண்டர் இன்ஜினில் நாலு வால்வு ஹெட் ஏற்கெனவே இருந்தது. அந்தப் பெரிய இன்ஜினுக்கும் இந்தச் சிறிய இன்ஜினுக்கும் ஒரு பொருத்தம் உண்டு. இரண்டிலும் ஒரு சிலிண்டரின் நடுவிலிருந்து அடுத்த சிலிண்டரின் நடு வரை 100 மில்லிமீட்டர். அதாவது ஆறு சிலிண்டர் ஹெட்டை எடுத்து நாலு சிலிண்டர் பிளாக் மேல் வைத்தால் முதல் நாலு அறைகளும் அப்படியே உட்காரும். இரண்டு அறை மட்டும் வெளியே தொங்கும்.

அந்த இரண்டை அறுத்துவிட்டார்கள்.

அறுத்த இடத்தில் தண்ணீர் ஓடும் வழிகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. ஒரு தகட்டை வைத்து வெல்டிங் அடித்து மூடினார்கள். ஹெட் தயார். கேட்ட நாளிலிருந்து இரண்டே வாரத்தில் இன்ஜின் ஓடியது. ஒரு காரில் அதை ஏற்றிக் கூன்ஹைமிடம் கொடுத்தார்கள். ஓட்டிப் பார்த்தார். சரி, செய்யுங்கள் என்றார்.

எங்கள் கடற்கரைப் பக்கத்து மாப்பிள்ளையூரணியிலும் தருவைகுளத்திலும் வளர்ந்தவர்களுக்கு இது புரியாத சங்கதி இல்லை. லாரிக்கென்று பிறந்த லேலண்ட் இன்ஜின் விசைப்படகுக்குள் உட்கார்ந்து கடலுக்குப் போவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். லேத்தும் வெல்டிங்கும் தெரிந்த கை, இருப்பதை வைத்து இல்லாததைச் செய்யும். உலகின் பெரிய கார் கம்பெனியின் ரேஸ் பிரிவிலும் அவசரத்துக்கு உதவியது அதே கைதான். படித்த நாளிலிருந்து எனக்குப் பிடித்த செய்தி இது.

இன்ஜினின் கொள்ளளவு 2,302 சிசி. ரோட்டில் ஓடும் காருக்கு 200 குதிரைத்திறன். ரேஸுக்குத் தயார் செய்தபோது 8,200 ஆர்பிஎம்மில் 300 வரை கொடுத்தது. டர்போ கிடையாது.

*

இன்ஜின் ஆயிற்று. அடுத்தது பாடி.

1985 செப்டம்பரில் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் வைத்தார்கள். பெயர் எம்3. தூரத்திலிருந்து பார்த்தால் வழக்கமான இரண்டு கதவு 3 சீரிஸ் மாதிரிதான் இருக்கும். கிட்டே போனால்தான் விஷயம் தெரியும்.

நாலு சக்கரத்துக்கும் மேலே மட்கார்டு பெட்டி மாதிரி புடைத்திருந்தது. ரேஸில் போடப்போகும் அகல டயர் உள்ளே அடங்குவதற்கான இடம் அது. சாதாரண 3 சீரிஸின் சக்கரத்தில் நாலு போல்ட், இதில் ஐந்து. பெரிய 5 சீரிஸின் ஹப்பையும் பேரிங்கையும் எடுத்துப் போட்டிருந்தார்கள், ரேஸ் பாரத்தைத் தாங்க. பின்கண்ணாடியை இன்னும் படுக்கையாகச் சாய்த்து, பாடியோடு சேர்த்துப் பசைபோட்டு ஒட்டினார்கள். பாடியின் விறைப்பு கூடியது. டிக்கி மூடியை உயர்த்தி, அதன் மேல் ஒரு இறக்கை வைத்தார்கள். கூரை மேல் வரும் காற்று பின்கண்ணாடியைத் தொட்டபடியே இறங்கி அந்த இறக்கையை அழுத்த வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த டிக்கி மூடி பிளாஸ்டிக்.

வாங்கியவருக்கு இதில் எதுவும் அவசியமில்லை. மளிகைச் சாமான் வாங்கப் போகிறவருக்குப் பின்கண்ணாடி எந்தக் கோணத்தில் இருந்தால் என்ன? ஆனால் அந்தக் கோணத்தில் 5,000 கார் விற்றால்தான் ரேஸ் காரிலும் அந்தக் கோணம் கிடைக்கும்.

5,000 என்பது விளையாட்டான எண்ணிக்கை இல்லை. விற்காமல் தேங்கினால் நஷ்டம் கம்பெனிக்கு. எம்3 தேங்கவில்லை. திறந்த கூரை மாடலும் சேர்த்து மொத்தத்தில் 18,000-க்குக் கொஞ்சம் குறைவாக விற்றது. ரேஸுக்காகப் பிறந்த காரை ஜனங்கள் விரும்பி வாங்கினார்கள்.

1987 மார்ச் 1-ஆம் தேதி ஹோமோலகேஷன் கிடைத்தது. முதல் ரேஸுக்கு மூன்றே வாரம்.

*

மான்சாவுக்குப் போகுமுன் சோழவரத்தை எட்டிப் பார்க்காமல் போக மனம் வரவில்லை.

அதே எண்பதுகளில், சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போருக்காகப் போட்ட விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்துகொண்டிருந்தது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தியது. பத்தாயிரக்கணக்கில் கூட்டம் திரளும்.

அங்கே ஓடிய செடான்கள் என்ன? பம்பாயில் செய்த 1,089 சிசி ஃபியட். நம் வண்டலூர்ப் பக்கம் செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, 1,147 சிசி. ஃபியட்டின் இன்ஜின் கொடுத்தது சுமார் 40 குதிரைத்திறன். கியர் ஸ்டீயரிங் பக்கத்தில், நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். வெளிநாட்டுச் சாமான் வரவழைப்பது அந்த லைசென்ஸ் காலத்தில் லேசில் நடக்காது. இருக்கையைக் கழற்றி எடையைக் குறைப்பது, ஹெட்டை இறக்கி ஃபேசிங் போட்டுக் கம்ப்ரஷனை ஏற்றுவது, கேம்ஷாஃப்டைத் திரும்ப அரைப்பது என்று கையில் இருப்பதை வைத்துத்தான் வேகம் தேட வேண்டும்.

எண்பதுகளின் கடைசியில் கோயம்புத்தூர் கரிவர்தன், மாருதி 800-இன் இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார்களை வரிசையாகக் கட்டினார். 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தர ட்ராக் வந்தது. செடான்களுக்கான ‘இந்தியன் டூரிங் கார்’ பிரிவு இன்றும் அங்கே ஓடுகிறது. அந்தக் கதைக்குத் தனி வாரங்கள் வேண்டும், வரும்.

இப்போது சொல்ல வேண்டியது ஒன்றுதான். சோழவரத்தில் விற்ற காரை மெக்கானிக் ரேஸ் காராக்கினார். மியூனிக்கில் ரேஸ் காரைக் கம்பெனி விற்கும் காராக்கியது. என் மனதுக்கு நெருக்கம் முன்னது. உலக டூரிங் கார் வரலாற்றைத் திருப்பியது பின்னது.

*

1987 மார்ச் 22. இத்தாலி, மான்சா.

மிலானுக்குப் பக்கத்தில், பழைய அரச பூங்காவின் மரங்களுக்கு நடுவே 1922-ல் போட்ட ட்ராக். நீண்ட நேர்ப்பாதைகள். இழுக்கும் இன்ஜினுக்கும் காற்றைக் கிழிக்கும் பாடிக்கும் இங்கே மரியாதை.

அன்று நடந்தது சரித்திரத்தின் முதல் உலக டூரிங் கார் சாம்பியன்ஷிப்பின் முதல் சுற்று. அதுவரை ஐரோப்பியப் பட்டம்தான் உண்டு. உலகப் பட்டம் இல்லை. புள்ளி வேண்டுமானால் ஒரு காருக்கு 60,000 டாலர் கட்டிப் பதிய வேண்டும் என்றார்கள். கட்டாதவர் ஓடலாம், புள்ளி கிடையாது. பல அணிகளுக்கு இது கசந்தது. தொடங்கும்போதே சாம்பியன்ஷிப்பைச் சுற்றி மனக்கசப்பு இருந்தது.

மனக்கசப்புக்கு நடுவில் எம்3-கள் வரிசையில் நின்றன. கம்பெனியின் ஆதரவு பெற்ற பல அணிகள், ஒரே கார். ரோட்டில் சுமார் 1,200 கிலோ இருந்த எம்3, ரேஸில் 960 கிலோ. அதுதான் அந்தக் கொள்ளளவுக்கு விதி அனுமதித்த குறைந்தபட்ச எடை.

500 கிலோமீட்டர் ஓட்டம். முடிந்தபோது முதல் இடத்தில் ஒரு எம்3. இரண்டாவதும் எம்3. மூன்று, நாலு, ஐந்து, ஆறு, எல்லாமே எம்3.

ஹோமோலகேஷன் கிடைத்த மூன்றாம் வாரம், முதல் ரேஸ், முதல் ஆறு இடம். அறுத்து ஒட்டிய ஹெட்டில் தொடங்கிய வேலைக்கு இதைவிட என்ன பலன் வேண்டும்?

*

ரேஸ் முடிந்தால் வேலை முடியாது. பரிசோதகர்கள் வருவார்கள்.

அவர்கள் கையில் ஹோமோலகேஷன் ஆவணம் இருக்கும். எதிரே கார் இருக்கும். ஆவணத்தில் உள்ளது காரில் இருக்கிறதா, காரில் உள்ளது ஆவணத்தில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஓட்டுநரின் திறமை, மெக்கானிக்கின் உழைப்பு, கம்பெனியின் பெயர் எதுவும் அந்த நேரத்தில் கணக்கில் வராது.

பாடி பாகங்களைப் பார்த்தார்கள். ஆவணத்தில் பதிந்ததைவிட மெல்லியவை. எடை குறைந்தவை.

ஆறு கார்களும் தகுதிநீக்கம்.

எடைக்குத்தான் குறைந்தபட்ச அளவு இருக்கிறதே, மெல்லிய பாகத்தால் என்ன லாபம் என்று கேட்கலாம். லாபம் உண்டு. காரின் மேற்பகுதியிலும் கோடியிலும் ஒரு கிலோ குறைத்தால், அந்தக் கிலோவைத் தரையோடு தரையாக, நடுவில் வைத்துக்கொள்ளலாம். மொத்த எடை மாறாது. ஆனால் வளைவில் கார் சாயும் அளவு குறையும், டயரின் மேல் பாரம் சமமாக விழும். ஒவ்வொரு சுற்றிலும் கிடைக்கும் சின்ன ஆதாயம் 500 கிலோமீட்டரில் சேர்ந்துகொண்டே போகும்.

வெற்றி யாருக்குப் போனது? ஏழாவதாக வந்தவர்களுக்கு. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஆலன் மொஃபாட், ஜான் ஹார்வி. அவர்கள் ஓட்டியது ஹோல்டன் கொமடோர்: ஐந்து லிட்டர் வி8, பழைய பாணி கார்புரேட்டர், பெரிய செடான். உலக டூரிங் கார் சாம்பியன்ஷிப்பின் முதல் ரேஸை வென்ற கார் என்று இன்றைக்கும் புத்தகத்தில் இருப்பது அந்த ஹோல்டன்தான்.

எம்3-ஐ நேசிக்கிறவர்களில் பலர் இந்தத் தீர்ப்பைக் கறாரானது என்பார்கள். நானும் அந்தக் காரை நேசிக்கிறவன்தான். ஆனால் தீர்ப்பு சரி. 5,000 பேர் காசு கொடுத்து வாங்கிய டிக்கி மூடியும் கதவும் மட்கார்டும் எந்தத் தடிமனோ, அதே தடிமன்தான் ட்ராக்கிலும் வர வேண்டும். அந்த ஒற்றை நிபந்தனையை நம்பித்தானே அவர்கள் அந்தக் காரை வாங்கினார்கள்? அது போனால் டூரிங் கார் ரேஸ் என்ற பெயரே காலி. ரோஷே ஹெட்டை அறுத்தது திறமை. யாருக்கும் விற்காத மெல்லிய பாகத்தைப் போட்டு ரேஸுக்கு வந்தது வேறு சமாச்சாரம். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

*

பிஎம்டபிள்யூ அடிபட்டது, ஒதுங்கவில்லை. விதிக்கு உட்பட்ட பாகங்களோடு எம்3 திரும்ப வந்தது. இத்தாலிய ஓட்டுநர் ராபர்ட்டோ ராவாலியா புள்ளி சேர்க்கத் தொடங்கினார்.

ஆனால் அந்த நேரத்தில் இங்கிலாந்தில் வேறொரு வேலை ஓடிக்கொண்டிருந்தது.

குரூப் ஏ விதியில் இன்னொரு கதவு உண்டு. 5,000 கார் செய்து முடித்த கம்பெனி, அதே காரை இன்னும் கூர்மையாக்கி 500 மட்டும் செய்தால் போதும். அந்த ‘எவல்யூஷன்’ மாடலை ரேஸுக்குப் பதியலாம். ஃபோர்டு தன் சியரா காஸ்வொர்த் கார்களில் 500-ஐத் தனியே எடுத்து, மாற்றியமைக்க டிக்ஃபோர்டு கம்பெனியிடம் கொடுத்தது. அவற்றுக்கு ஆர்எஸ்500 என்று பெயர்.

பானெட்டைத் திறந்தால் பெரிய டர்போ. அதன் பக்கத்தில் ஒரு விநோதம். நாலு சிலிண்டருக்கு எட்டு பெட்ரோல் இன்ஜெக்டர். கடையில் வாங்கிய காரில் அவற்றில் நாலு மட்டும் வேலை செய்யும். மற்ற நாலும் இணைப்பே இல்லாமல் சும்மா இருக்கும். வாங்கியவருக்கு அவற்றால் ஒரு பயனும் இல்லை. ஆனால் விற்ற காரில் அவை இருக்கின்றன, ஆவணத்திலும் இருக்கின்றன. ரேஸ் அணி இணைப்பைக் கொடுத்தால் போதும். 450 குதிரைத்திறனுக்கு மேல் கிடைக்கும். விதியின் எழுத்துக்கு ஒரு குறையும் இல்லை.

1987 ஆகஸ்ட் 1-ஆம் தேதி ஆர்எஸ்500-க்கு ஹோமோலகேஷன் கிடைத்தது. எம்3-இன் 300 குதிரைகளுக்கு நேர்ப்பாதையில் இனி பதில் இல்லை. அக்டோபரில் சாம்பியன்ஷிப் ஆஸ்திரேலியாவின் பாத்தர்ஸ்ட் மலைக்குப் போகிறது. அங்கே ஃபோர்டு கார்கள் முதல் இரண்டு இடத்தையும் பிடித்து நிற்கும்போது, மான்சாவில் போலவே கையில் ஆவணத்தோடு பரிசோதகர்கள் அவற்றின் சக்கர வளைவுகளுக்குப் பக்கத்தில் குனிகிறார்கள். இந்த முறை யார் வீழ்வார்கள்? ஒரே ஒரு புள்ளியில் தீரப்போகும் உலகப் பட்டம் யாருக்கு?

(தொடரும்)